சொல் தெளிவுக்கு நாலு மார்க்

காசிமேட்டு மீன்பிடித் துறைமுகத்தில் என்ஜின் வேலை பார்க்கிறவர்களில் ரகுபதிக்குக் காதுதான் பேர் வாங்கிக் கொடுத்தது. நீளமான ஸ்க்ரூடிரைவரின் முனையை ஓடுகிற என்ஜின் மேல் ஊன்றுவான். பிடியைக் காதுக்குப் பின்னால் எலும்பில் அழுத்திக்கொண்டு கண்ணை மூடுவான். எந்த சிலிண்டரில் தட்டுகிறது, பேரிங் போயிருக்கிறதா, வால்வு சரியில்லையா என்று பிரிக்காமலே சொல்லிவிடுவான். பிரித்துப் பார்த்தால் அதுவாகத்தான் இருக்கும். “ரகுபதி காது வெச்சிட்டானா?” என்று கேட்டுக்கொண்ட பிறகுதான் படகு முதலாளிகள் செலவுக்குத் துணிவார்கள்.

அந்தக் காதை அவன் கொண்டுபோய்ப் பாட்டில் வைக்கப் போகிறான் என்பதில் அவனுடைய கூட்டாளி உபைதுல்லாவுக்குப் பெரிய வேடிக்கை.

“இன்னா மாமு, சனிக்கெயம கோர்ட்டு கீதாமே? ஜட்ஜய்யா பட்டறைக்கு வர மாட்டாராமே?”

“கோர்ட்டு இல்ல பாய். பாட்டுப் போட்டி. ஸ்கூலு பசங்க பாடுவாங்கோ.”

“பாடுனா கை தட்டிட்டுப் போவியா, அதுக்கு இன்னாத்துக்கு உனக்குப் பரீட்சை?”

“மார்க்கு போடணும்ல. ஒயுங்கா போடறனான்னு என்னைப் பாப்பாங்கோ.”

“பசங்களுக்கு நீ மார்க்கு போடுவே. உனக்கு அவங்கோ போடுவாங்கோ. அவங்களுக்கு எவன் போடுவான்?”

“தொறந்த வாய மூடு பாய். அந்த நட்டை எட்து குடு.”

“இன்னாது?”

“நட்டு! நட்டு!”

அந்தப் பட்டறையில் எல்லாமே இரண்டு தடவை சொல்லப்படும். மேலே தகரம், மூன்று பக்கமும் தகரம். படகிலிருந்து இறக்கிய என்ஜினை இரும்புச் சட்டத்தில் மாட்டி, சைலன்சர் இல்லாமல் ஓடவிட்டுப் பார்ப்பார்கள். தகரமும் அதிரும், நெஞ்சுக்கூடும் அதிரும். மீசை முளைக்கும் முன்பே ரகுபதி அங்கே வந்தவன். கத்தித்தான் பேச முடியும். வீட்டுக்குப் போன பிறகும் அந்தக் கத்தல் தொண்டையை விட்டு இறங்காது. குப்பத்தில் அதை யாரும் வித்தியாசமாக எடுத்துக்கொள்வதில்லை. கடலில் காற்றோடு கத்துகிறவன், ஏலத்தில் கத்துகிறவன், ஐஸ் வண்டி மேல் நின்று கத்துகிறவன் எல்லாரும் ஒரே தெருவில்தான் இருக்கிறார்கள். ஒருத்தன் மெதுவாகப் பேசினால்தான் உடம்புக்கு என்ன என்று கேட்பார்கள்.

பாட்டு அவனுக்கு எப்படி வந்தது என்று கேட்டால் பதில் சொல்லத் தெரியாது. மார்கழி பஜனையில் ஆரம்பித்தது. பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது ஒரு போட்டிக்குக் கூட்டிப் போனார்கள். முருகன் பாட்டு ஒன்று பாடினான். பாடி முடித்ததும் நடுவராக உட்கார்ந்திருந்தவர் மைக்கை எடுத்து, “தம்பி, மழைன்னு சொல்லு” என்றார். “மயை” என்றான். “மழை” என்றார் அவர் மறுபடியும். “மயை.” மண்டபம் முழுக்கச் சிரித்தது. அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. “குரல் இருக்கு. சொல்தான் குப்பத்துலேயே நிக்குது” என்று சொல்லி உட்காரச் சொன்னார்.

அன்றைக்கு அவனுக்கு அழுகை வரவில்லை. அந்த நடுவர் நாற்காலியைத்தான் பார்த்துக்கொண்டே இருந்தான்.

கலியாணமான பிறகு, கை கிரீஸைக் கழுவிவிட்டு மாலை நேர இசை வகுப்புக்குப் போனான். கூடப் படித்த பையன்கள் அவனை வாட்ச்மேன் என்று நினைத்துச் சாவி கேட்டார்கள். விடாமல் போய்ப் பாஸ் செய்து சான்றிதழ் வாங்கினான். பட்டறையில் எப்படிப் பேசினாலும், பாட்டு என்று உட்கார்ந்தால் ஒரு எழுத்து பிசகாது. மாணவர் இசை மன்றம் என்று ஒன்று, வட சென்னைப் பள்ளிகளுக்கெல்லாம் வருஷா வருஷம் இசை விழா நடத்துகிறது. அதற்கு நடுவராக வேண்டுமானால் முதலில் வகுப்பு, அப்புறம் எழுத்துத் தேர்வு, கடைசியாக ஒரு பரீட்சை. உண்மையான போட்டி நடக்கும்போது மூத்த நடுவர்களோடு அதே மேசையில் உட்கார்ந்து மார்க் போட வேண்டும். அந்த மார்க் மாணவர்கள் கணக்கில் சேராது. மூத்தவர்கள் போட்டதோடு ஒத்துப்போனால் நடுவர் அட்டை கிடைக்கும். வகுப்பையும் எழுத்துத் தேர்வையும் ரகுபதி தாண்டிவிட்டான். சனிக்கிழமை அந்தக் கடைசிப் பரீட்சை.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் திருவொற்றியூர் குப்பத்து வீட்டில் அவன் போனில் மாணவர் பாட்டுகளைப் போட்டுக் கேட்டுக்கொண்டிருந்தான். பழகுவதற்காக மன்றத்திலிருந்து அனுப்பியவை. சத்தம் முழுசாக வைத்திருந்தான். வண்ணாரப்பேட்டையில் ஜவுளிக் கடையில் வேலை பார்க்கும் அவன் மகள் ரேகா, அப்போதுதான் வந்து செருப்பைக் கழற்றினாள். கழற்றிக்கொண்டே என்னவோ சொன்னாள்.

“இன்னா?”

மறுபடியும் சொன்னாள்.

“வாயத் தொறந்து பேசு ரேகா. எத்தினி வாட்டி சொல்றது.”

அவள் வந்து அவனுக்கு நேரே நின்றாள். “சவுண்ட கொறைங்க நைனா. பக்கத்து வூட்ல கொயந்த தூங்குது.” ஒவ்வொரு சொல்லாக, பல் தெரியச் சொன்னாள்.

“பாரு, இப்போ எப்டி பளிச்சினு கீது! பாட்டுக்கு மட்டுமா? பேச்சுக்கும் தெளிவு வோணும்.”

அவள் உள்ளே போனாள்.

சின்னதில் ரேகா நன்றாகப் பாடினாள் என்று தெரு முழுக்கச் சொல்லும். ரகுபதி அப்படிச் சொன்னதில்லை. அவளுக்கு அவனே பாட்டுச் சொல்லிக் கொடுத்தான். அவளை உள் அறையில் உட்கார வைத்துவிட்டு, அவன் வெளியே சந்தில் நாற்காலி போட்டு உட்காருவான். “ராகம் வந்தா பத்தாது. சொல்லு வாசலுக்கு வரணும்” என்பான். அவளுக்குத் தன் கதி வந்துவிடக் கூடாது என்பதில் அவ்வளவு பிடிவாதம். ராகம் வந்தது, தாளம் வந்தது. சொல் மட்டும் வரவில்லை. “கொயகொயன்னு கீது, திருப்பிப் பாடு” என்று கத்துவான். அவள் திருப்பிப் பாடுவாள். ஒரு வருஷம் பள்ளியில் அவளை இதே இசை விழாவுக்குத் தேர்ந்தெடுத்தார்கள். ரகுபதியே பள்ளிக்கூடம் போய்ப் பாட்டு டீச்சரிடம் பேரை எடுத்துவிடச் சொன்னான். “சொல் தெளிவு இன்னும் வரலைங்க. மேடையில அவமானப்படக் கூடாது. அடுத்த வருஷம் பாக்கலாம்.” அடுத்த வருஷம் அவள் பாட்டையே விட்டிருந்தாள்.

“நாளைக்கு நீயும் வாயேன். நைனா அந்த டேபிள்ல குந்திகினு கீறத பாரு” என்று உள்ளே பார்த்துக் கத்தினான்.

“டூட்டி கீது” என்றாள் ரேகா. அவள் வாசல்படிக்கு வந்து நின்று சொன்னதால் அது கேட்டது.

விழா ராயபுரத்தில் ஒரு பள்ளி மண்டபத்தில் நடந்தது. ரகுபதி இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில் போயிருந்தான். நகக்கண்ணில் கறுப்பு மட்டும் போகவில்லை. கையை மேசைக்கு அடியிலேயே வைத்துக்கொண்டான். மேடைக்குக் கொஞ்சம் தள்ளி ஒரு நீள மேசை. நடுவில் தேவகிருபை டீச்சர், ரிட்டையராகும்வரை பள்ளிகளில் பாட்டு சொல்லிக் கொடுத்தவர், சொந்த ஊர் நாசரேத்துப் பக்கம். அவருக்கு அந்தப் பக்கம் வயலின் வாத்தியார் ஆறுமுகநயினார். இந்தப் பக்கம் ரகுபதி. கடைசியில் ஃபிர்தௌஸ் என்ற இளம்பெண், கீபோர்டு வகுப்பு எடுக்கிறவள், அவளும் பரீட்சைக்கு வந்தவள்தான். ஒருவர் தாளை ஒருவர் பார்க்காமலிருக்க நடுவில் அட்டைகள் நிறுத்தியிருந்தார்கள். சுருதி, லயம், சொல் தெளிவு, பாவம் என்று நாலு கட்டம். ஒவ்வொன்றுக்கும் பத்து.

“பதட்டப்படாதீங்க. காதுல விழுந்ததை எழுதுங்க, அவ்வளவுதான்” என்றார் தேவகிருபை டீச்சர்.

“சரிங்கம்மா” என்றான் ரகுபதி. பட்டறைத் தமிழை வாசலிலேயே விட்டுவிட்டு வந்திருந்தான்.

பிள்ளைகள் ஒவ்வொருவராக வந்தார்கள். கறுப்புப் பஞ்சு போட்ட மைக் ஒன்று முகத்துக்கு நேரே நின்றது. மைக்கைக் கடித்துவிடுவதுபோல் ஒட்டி நின்றுதான் எல்லாரும் பாடினார்கள். முதல் பையன் மோகனத்தில் பாடினான். இரண்டாவது வரியில் சுருதி இறங்கியது, ரகுபதி உடனே குறித்தான். அடுத்த பெண் தாளத்தில் அவசரப்பட்டாள், அதையும் குறித்தான். தன் காது வேலை செய்கிற விதம் அவனுக்கே சந்தோஷமாக இருந்தது. என்ஜினில் தட்டுவதைப் பிடிக்கிற மாதிரிதான். எங்கே பிசகுகிறதோ அங்கே உள்ளுக்குள் ஏதோ சுண்டும்.

சொல்தான் யாருக்கும் இல்லை. சுவருக்கு அந்தப் பக்கம் நின்று பாடுகிற மாதிரி இருந்தது. எல்லாம் ஆ, ஈ, ஓ என்று வந்ததே தவிர, நடுவில் எலும்பு இல்லை. ஸ்பீக்கர் சரியில்லையோ என்று ஒரு நிமிஷம் நினைத்தான். ஆனால் பெற்றவர்கள் வரிசையில் எல்லாரும் தலையாட்டிக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கென்ன தெரியும் என்று நினைத்துக்கொண்டான். சொல் தெளிவுக்கு நாலு. அடுத்த பிள்ளைக்கும் நாலு. கல்யாணியில் பாடிய ஒரு பெண்ணுக்கு சுருதியிலும் லயத்திலும் முழு மார்க் போட்டான், அவ்வளவு சுத்தம். அவளுக்கும் சொல் தெளிவில் நாலு. குறிப்புப் பகுதியில், “வாயைத் திறந்து பாடப் பழகவும்” என்று எழுதினான். எழுதும்போது மனசு கஷ்டப்பட்டது. இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு யார்தான் சொல்லிக் கொடுக்கிறார்கள்? தான் நடுவரானால் முதலில் இதைத்தான் சரிசெய்ய வேண்டும் என்று நினைத்தான்.

நடுவில் ஒரு தடவை மைக் கெட்டுப்போனது. அடுத்து நின்ற பையனை மேடையிலிருந்து இறக்கி, மேசைக்கு முன்னால் நிறுத்திப் பாடச் சொன்னார்கள். கழுத்துப் பட்டன் வரைக்கும் போட்டுக்கொண்டு, கையைக் கட்டிக்கொண்டு பாடினான். ரகுபதி நிமிர்ந்து உட்கார்ந்தான். ஒரு சொல் விடாமல் வந்தது. அப்பாடா, ஒருத்தனாவது என்று ஒன்பது போட்டான்.

மதியத்துக்கு மேல் போட்டி முடிந்தது. பிள்ளைகளும் பெற்றவர்களும் வெளியே பரிசுக்குக் காத்திருக்க, மூத்தவர்களின் மார்க் கணக்கை மேடைக்கு அனுப்பிவிட்டு, பக்கத்து வகுப்பறையில் உட்கார்ந்து தாள்களை ஒப்பிட்டார்கள். ஃபிர்தௌஸ் தாள் ஒத்துப்போனது. அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

ரகுபதி தாளை ஆறுமுகநயினார் கையில் வைத்துக்கொண்டு, “சுருதியில எனக்கும் இவருக்கும் எங்கயும் வித்தியாசமே இல்லம்மா. லயமும் அப்படித்தான். கெட்டிக்காரர்தான்” என்றார். அப்புறம், “ஆனா இது என்னய்யா? சொல் தெளிவுல எல்லாப் புள்ளைக்கும் நாலு, நாலு, நாலுன்னு! அவ்வளவு கோவமா?” என்றார்.

“கோவம் இல்லைங்க” என்றான் ரகுபதி. “சொல் வரலைங்க. ராகம் எல்லாம் நல்லா இருக்கு. சொல்லை முழுங்குறாங்க. அந்த மைக் இல்லாம பாடின பையன் ஒருத்தன்தான் ஒழுங்கா பாடினான்.”

ஆறுமுகநயினார் சிரித்துவிட்டார். “அவன்தாம்யா முழுங்கினான்! முன்பல்லு ரெண்டு இல்ல அவனுக்கு. நானே ஆறுதான் போட்டேன்.”

தேவகிருபை டீச்சர் சிரிக்கவில்லை. அந்தத் தாளை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு ரகுபதியைப் பார்த்தார்.

“நீங்க என்ன வேலை பாக்கீங்க?”

“படகு என்ஜின் மெக்கானிக்குங்கம்மா.”

“ரொம்ப வருஷமாவா?”

“சின்ன வயசுலேருந்து.”

அவர் ஒரு தாளை எடுத்துத் தன் வாயை மறைத்துக்கொண்டார். கண் மட்டும்தான் தெரிந்தது. “நான் சொல்றதைத் திருப்பிச் சொல்லுங்க” என்றிருக்க வேண்டும். அப்படித்தான் அவனுக்குப் பட்டது. அப்புறம் ஒரு சொல் வந்தது.

“இலை” என்றான் ரகுபதி.

அடுத்த சொல். “படி” என்றான். அடுத்ததற்கு, “பாளம்” என்றான்.

ஃபிர்தௌஸ் தரையைப் பார்த்தாள். ஆறுமுகநயினார் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். எதற்காக அவர்கள் முகம் இப்படிப் போகிறது என்று ரகுபதிக்குப் புரியவில்லை. டீச்சர் தாளை எடுத்துவிட்டு, அவனைப் பார்த்து அதே சொற்களை அதே குரலில் சொன்னார்.

“சிலை. பசி. தாளம்.”

மூன்றும் மணி மாதிரிக் கேட்டன.

“என் வீட்டுக்காரர் நூல் மில்லுல இருந்தாரு” என்றார் டீச்சர். “அவருக்கும் இப்படித்தான். கனமான சத்தம் எல்லாம் கேக்கும், சுருதி கேக்கும். மேல நிக்குற மெல்லிசான சத்தம் போயிரும். ச, த, க எல்லாம் அங்கதான் இருக்கு. முகத்தைப் பாத்தா வாய் அசையுறத வச்சே கண்டுபிடிச்சிருவாரு, அது அவருக்கே தெரியாது. கடைசி வரைக்கும் நான்தான் முணுமுணுக்கேன்னு சண்டை போட்டுட்டே போய்ச் சேந்தாரு.”

“எனக்குக் காது நல்லா கேக்கும்மா” என்றான் ரகுபதி. குரல் உயர்ந்துவிட்டது. “துறைமுகத்துல வந்து கேட்டுப் பாருங்கோ. ரகுபதி காதுன்னா எல்லாருக்கும் தெரியும்!”

“தெரியும். அது பொய் இல்ல.”

“அப்புறம் இன்னா?”

“இன்னிக்கு இது பரீட்சை. புள்ளைங்க தப்பிச்சுது. நாளைக்கு நீங்க நெசமா மார்க் போட்டா, நல்லாப் பாடின புள்ளைக்கு நாலு விழும். நான் எப்படிக் கையெழுத்துப் போடுவேன், சொல்லுங்க.” அவர் குரல் தாழ்ந்தது. ஆனால் முகத்தை அவனுக்கு நேராகவே வைத்திருந்தார். “ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பாருங்க. மிஷின் தருவாங்க. அது சரிப்பட்டு வந்தா அடுத்த வருஷம் வாங்க. நானே பக்கத்துல உக்காருறேன்.”

“மிஷின் வச்சா பேச்சு கேக்கும். பாட்டு தகரத்துல அடிச்ச மாதிரி இருக்கும்பாங்க” என்றார் ஆறுமுகநயினார். சொன்ன பிறகு சொல்லியிருக்க வேண்டாம் என்று தோன்றியிருக்க வேண்டும். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

ரகுபதி தன் கையைப் பார்த்துக்கொண்டிருந்தான். ஒன்றே ஒன்று கேட்டான்.

“இது எப்போலேருந்தும்மா இருக்கும்? இப்ப கொஞ்ச நாளாத்தானா?”

“ஒரே நாள்ல போறதில்ல இது. கொஞ்சம் கொஞ்சமாப் போகும். உங்க வேலைக்கு, பத்துப் பன்னெண்டு வருஷத்துக்கு முந்தியே தொடங்கியிருக்கும்.”

அவர் அதை ஆறுதலாகத்தான் சொன்னார். ரகுபதியின் முகத்தைப் பார்த்து ஃபிர்தௌஸ் எழுந்து தண்ணீர் பாட்டிலைத் திறந்து நீட்டினாள். அவன் வாங்கிக்கொள்ளவில்லை. உள் அறையில் உட்கார்ந்திருக்கும் ரேகாவும், சந்தில் நாற்காலி போட்டிருக்கும் தானும் அவன் கண்முன் வந்து நின்றார்கள். நடுவில் ஒரு சுவர். அவளுடைய முகம் தெரியாதபடி அவனே தேர்ந்தெடுத்த இடம்.

வெளியே யாருக்கோ பரிசு கொடுத்துக் கை தட்டினார்கள். அது நன்றாகக் கேட்டது.

சாயங்காலம் அவன் வீட்டுக்குப் போனபோது மனைவி நீலா குழாயடியில் மீன் வைக்கிற அலுமினிய அன்னக்கூடையைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். காலடிப்பேட்டை மார்க்கெட்டில் மீன் விற்கிறவள்.

“இன்னாய்யா, ஜட்ஜு ஆயிட்டியா?”

“இல்ல.”

“ஏன், பாஸு பண்லியா?”

“காது கேக்கலியாம்.”

அவள் திடுக்கிடவில்லை. கூடையைத் திருப்பிப் போட்டு அடிப்பக்கத்தைத் தேய்த்தாள்.

“உனக்குத் தெரியுமா?” என்றான்.

“தெருவுக்கே தெரியும். குருவி கத்துற மாதிரி பெல்லு ஒண்ணு மாட்டிகீறோமே, ஒரு வாட்டியாச்சும் அதக் கேட்டு நீ கதவ தொறந்துகிறியா?”

“சொல்ல வோண்டியதுதான!”

“சொன்னனே. ‘உன் வாயிதான் கொயகொயன்னு கீது’ன்னு என்னிய திட்டுன. உபைதுல்லா பாய் பொஞ்சாதியும் இதேதான் சொல்லிகினு கீது. அந்தப் பட்டறையில எவனுக்குய்யா காது கீது? அப்பால எதுக்குப் பேஜாரு, கிட்ட வந்து கத்திட்டுப் போயிடறது.”

“அப்போ ரேகா பாடுனப்போ?”

தேய்க்கிற கை நின்றது. தண்ணீர் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. அவள் இரண்டையும் இதுவரை சேர்த்துப் பார்த்ததில்லை என்பது அவள் முகத்திலேயே தெரிந்தது.

“பாட்டு உன் வெவகாரம்யா” என்றாள். “எனக்கு இன்னா தெரியும்? எனக்கு நல்லாத்தான் கேட்டுச்சு. நீ படிச்சவன், நீ சொன்னா சரியாத்தான் இருக்கும்னு வுட்டுட்டேன்.”

குழாயை மூடிவிட்டு, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை நீலா விடிவதற்கு முன்பே மீன் எடுக்கப் போயிருந்தாள். ரேகாவுக்கு ஞாயிறுதான் கடையில் கூட்டம். யூனிஃபார்ம் சேலையைக் கட்டிக்கொண்டு, சுவர்க் கண்ணாடிக்கு முன்னால் தலை வாரிக்கொண்டிருந்தாள். ரகுபதி பின்னால் வந்து நின்றான். 

“நேத்து இன்னா ஆச்சுன்னா…”

“அம்மா சொல்லிச்சு” என்றாள். கண்ணாடியில் அவள் உதடு அசைவதைப் பார்த்துத்தான் அதைப் புரிந்துகொண்டான். அப்படிப் பார்த்துக்கொண்டிருப்பது இப்போது அவனுக்கே தெரிந்தது.

“உன் மேல தப்பு இல்ல ரேகா. சொல்லெல்லாம் வந்துகினுதான் இருந்துகீது. எனக்குத்தான் கேக்கல. அந்த டீச்சர்கிட்ட நானா போயி பேர எடுக்கச் சொன்னனே…”

அவள் சீப்பை வைத்துவிட்டுத் திரும்பினாள். கோபமாக இருப்பாள் என்று நினைத்திருந்தான். அவள் எதையோ நினைவுபடுத்திப் பார்க்கிற மாதிரி இருந்தாள்.

“நான் இந்தக் கண்ணாடி முன்னாடிதான் நிப்பேன் நைனா, நீங்க வேலைக்குப் போனப்பறம். நாக்கத் தொட்டுத் தொட்டுப் பாத்துப்பேன், எங்க தப்பா போவுதுன்னு. ஸ்கூல்ல டீச்சரு எனக்குச் சொல்லு சுத்தமா கீதுன்னுதான் சொன்னாங்க. பாவம், நான் அழுவக் கூடாதுன்னு பொய் சொல்றாங்கன்னு நெனச்சேன்.”

“டீச்சரு சொன்னத நீ என்கிட்ட சொல்லவேயில்லியே.”

“சொன்னா? ரகுபதி காதுக்கு மேல எவ காதுன்னு கேட்டிருப்பீங்க.”

உண்மைதான். அதையேதான் கேட்டிருப்பான்.

“இப்போ பாடு” என்றான். “நேரா குந்திகினு பாக்கறேன். ஒரு வரி போதும்.”

“மறந்து போச்சு.”

“பாட்டா? நான் எடுத்துக் குடுக்கறேன்…”

“பாட்டு இல்ல நைனா. பாடணும்னு தோணறது.”

சொல்லிவிட்டு டிபன் டப்பாவைப் பையில் வைத்தாள். தண்ணீர் பிடித்தாள். வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டு இரண்டு எட்டு போனவள், திரும்பி வந்து அவனுக்கு நேரே நின்றாள்.

“நேத்து பாடுன பசங்களுக்கு நீங்க போட்ட மார்க்கு சேந்துச்சா?”

“இல்ல. அது எனக்கு வெச்ச பரீட்சை. அவங்களுக்கு டீச்சரு போட்டதுதான் கணக்கு.”

“அப்போ அவங்கல்லாம் தப்பிச்சிட்டாங்க.”

குத்திக் காட்டுகிற குரல் இல்லை. அந்தப் பிள்ளைகளை நினைத்து நிஜமாகவே நிம்மதிப்பட்டுச் சொன்ன மாதிரிதான் இருந்தது. அவன் சொல்லிக் கொடுத்தபடி வாயை நன்றாகத் திறந்து சொன்னாள். ஒவ்வொரு எழுத்தும் அவனுக்குக் கேட்டது.

“ஆமா” என்றான்.

அவள் ஷேர் ஆட்டோ நிற்கிற பக்கம் நடந்தாள். முனையில் திரும்பும்போது பக்கத்து வீட்டுப் பெண் எதிரில் வந்தாள். இருவரும் நின்று ஏதோ பேசிச் சிரித்தார்கள். ரகுபதி வாசலில் நின்று ரேகாவின் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். அவ்வளவு தூரத்திலிருந்து ஒன்றும் தெரியவில்லை.